கட்டி என்றதும் பயாப்ஸி எதற்கு? ஒரு சதைத் துண்டு ரிப்போர்ட்டாக மாறும் வரை

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை, ஆனால் ஒரு மாதமாகியும் கரையவில்லை. ஸ்கேன் எடுத்தால் 'நிணநீர்க் கணு பெரிதாகியிருக்கிறது' என்று வருகிறது. இது காசநோயாக இருக்கலாம். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். வாயிலோ தைராய்டிலோ தொடங்கிய புற்று இங்கே வந்து தங்கியதாக இருக்கலாம். சொத்தைப் பல்லுக்காக நெறி கட்டிய சாதாரணக் கணுவாகவும் இருக்கலாம். காசநோய் என்றால் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை, லிம்போமா என்றால் பெரும்பாலும் கீமோதெரபி, சொத்தைப் பல் என்றால் பல் டாக்டர். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கட்டிக்குள் இத்தனை வேறு வேறு வைத்தியங்கள் ஒளிந்திருக்கின்றன.

நம் நாட்டில் காசநோய் அதிகம். அதனால் கழுத்துக் கட்டி என்றதும் சதையைப் பார்க்காமலே காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டு, மாதங்கள் கழிந்தும் கட்டி வளர்வதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது. ஸ்கேன் நல்ல கருவிதான். கட்டி எவ்வளவு பெரியது, ஓரம் சீராக இருக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி, வேறெங்கும் இருக்கிறதா என்றெல்லாம் அது காட்டும். ஆனால் அதில் தெரிவது கட்டியின் நிழல். உள்ளே இருக்கும் செல்கள் யாருடையவை, என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை அறிய, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அப்படி எடுப்பதுதான் பயாப்ஸி. சதைப் பரிசோதனை என்று பலரும் சொல்வது இதைத்தான்.

இதைச் சொன்ன உடனே வீட்டில் எழும் முதல் பேச்சு, 'கத்தி பட்டா பரவிடும்' என்பது. பத்தாலஜி என்கிற நோய்க்கூறியலில் வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பயத்தைத் தள்ளிவிட்டுப் போக மனம் வராது, ஏனென்றால் இதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். நேராகவே சொல்கிறேன். ஊசி போன தடத்தில் புற்று செல்கள் ஒட்டி வளர்வது மிக அரிதாக நடப்பதுண்டு. எந்தக் கட்டிகளில் அந்த ஆபத்து கூடுதல் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும், அங்கெல்லாம் வழியே வேறு. விரையில் புற்று என்று சந்தேகம் வலுத்தால் அதில் ஊசி போட மாட்டார்கள். இடுப்பு மடிப்பு வழியாக விரையையே எடுத்து அனுப்புவார்கள். குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கும் கண்ணைத் துளைக்காமல், கண் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்தே முடிவு செய்வார்கள். எலும்புப் புற்று என்று சந்தேகம் வந்தால், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனே ஊசி போகும் பாதையைத் தீர்மானிப்பார். ஆபரேஷனின்போது அந்தத் தடத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். மார்பு, வாய், இரைப்பை, கர்ப்பப்பை வாய் என்று நாம் அதிகம் பார்க்கும் புற்றுகளில், பயாப்ஸி செய்யாமல் இருப்பதால் வரும் கேடுதான் பல மடங்கு பெரிது.

அப்புறம் இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு வேரூன்றியது? பலர் வரும்போதே நோய் முற்றியிருக்கும். பயாப்ஸி முடிந்து, மற்ற ஸ்கேன்கள் எடுக்கும்போதுதான் அது பரவியிருப்பது தெரியவரும். முன்னால் நடந்தது ஊசி, பின்னால் தெரிந்தது பரவல், பழி ஊசி மேல் விழுகிறது.

சதையை எடுப்பதில் பல வகை உண்டு. எல்லோரும் முதலில் கேள்விப்படுவது எஃப்.என்.ஏ.சி. சாதாரண ஊசியளவே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைத்து, வருகிற செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பது. மரக்கவைக்கும் ஊசிகூட பெரும்பாலும் தேவைப்படாது, ரிசல்ட்டும் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் இதில் செல்கள் உதிரி உதிரியாகத்தான் வரும், அவை எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. தைராய்டில் 'ஃபாலிக்குலர்' வகைக் கட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் செல்கள் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அவை உடைத்துக்கொண்டு போயிருக்கின்றனவா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். அதைக் கட்டியை எடுத்துவிட்டுத்தான் பார்க்க முடியும். 'ஊசி போட்டும் உறுதியாகச் சொல்லவில்லையே' என்று தைராய்டு நோயாளிகள் வருந்துவதற்குப் பின்னால் இருப்பது இதுதான். பரிசோதித்தவரைக் குறை சொல்வதற்கில்லை.

மார்பகக் கட்டிக்கு இன்று பெரும்பாலும் கோர் பயாப்ஸிதான். அந்த இடத்தை மரக்கச் செய்து, ஸ்பிரிங் வைத்த தடித்த ஊசியைச் செலுத்துவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். முன்னாலேயே சொல்லி வைத்தால் திடுக்கிட மாட்டார்கள். நூல் போன்ற சதைத் துண்டுகள் சில வரும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரைப்பை, பெருங்குடல் என்றால் எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியில் இருக்கும் சின்னக் கிடுக்கியால் கிள்ளி எடுப்பார்கள். வாய்ப்புண்ணில் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் அழுகிச் செத்த சதைதான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லிம்போமா சந்தேகம் என்றால், முடிந்தவரை ஒரு கணுவை முழுசாகவே எடுத்து அனுப்பச் சொல்வோம். அங்கே முழு அமைப்பும் பார்த்தால்தான் எந்த வகை என்று பிரிக்க முடியும்.

எடுத்த பிறகு நடப்பது நோயாளிக்குத் தெரிவதே இல்லை. 'ஒரு துண்டு சதையைப் பார்க்க ஒரு வாரமா?' என்ற கேள்வி வருவது நியாயம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடலை விட்டுப் பிரிந்ததும் சதை கெடத் தொடங்கும். அதன் செல்களுக்குள் இருக்கும் என்சைம்களே அதைக் கரைக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்க உடனே ஃபார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருப்பது நல்லது. பெரிய கட்டியைச் சின்ன பாட்டிலுக்குள் திணித்து மேலே கொஞ்சம் ஊற்றினால், வெளிப்புறம் பதப்பட்டு உள்ளே அழுகிவிடும். சலைன் என்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, மறுநாள் லேபுக்கு வந்து சேரும் துண்டுகளைப் பார்க்கும்போது வயிறு எரியும். ஒருவர் வலி தாங்கிக் கொடுத்த சதை அது, மறுபடி ஊசி போட வேண்டி வரும். இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சலைனில் அனுப்ப வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். கழுத்துக் கட்டிக்கு இரண்டு பாட்டில்கள் கொடுத்தார்கள் என்றால் காரணம் இதுதான். இரண்டும் வேறு வேறு லேபுக்குப் போகின்றன, மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

மார்பகத்திலிருந்து எடுத்த துண்டு குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்பது வழிமுறை. குறைந்தாலும் கூடினாலும், பின்னால் செய்யும் ஹார்மோன் பரிசோதனைகள் தவறாகப் போகலாம். ஆக, அவசரப்பட்டு முதல் நாளே முடிக்க முடியாது.

பிறகு அந்தத் துண்டை, நம்பர் எழுதிய ஓட்டை போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மெஷினில் போடுகிறோம். ராத்திரி முழுக்க அது ஓடும். ஆல்கஹால் சதையிலுள்ள தண்ணீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், கடைசியில் 60 டிகிரி அளவில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே இறங்கும். மறுநாள் காலை அதை மெழுகுக் கட்டியாக வார்த்து எடுப்போம். இதுதான் 'பிளாக்'. மெழுகு இறங்கி இறுகியிருப்பதால்தான் அதை மெல்லியதாகச் சீவ முடிகிறது. மைக்ரோடோம் என்னும் கருவியில் டெக்னீஷியன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா போல வரும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை ஊசி முனையாலோ பிரஷ்ஷாலோ எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். அடியிலிருந்து கண்ணாடி ஸ்லைடைச் செலுத்தி ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் எதுவும் தெரியாது. நல்ல ரிப்போர்ட்டுக்குப் பின்னால் நல்ல கை ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது நாங்கள், டெக்னீஷியனின் பெயர் எங்கும் வருவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசாமல் இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த ஏடு நிறமே இல்லாமல் இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலும் எதையும் பிரித்தறிய முடியாது. அதற்காகச் சாயம் ஏற்றுகிறோம். உலகம் முழுக்க இதற்கு ஒரே ஜோடிதான், ஹீமடாக்சிலினும் ஈயோசினும். ஹீமடாக்சிலின் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது. அது செல்லின் உட்கருவை நீலம் கலந்த ஊதாவாக்கும். ஈயோசின் 1870களில் ஜெர்மனியில் உருவான செயற்கைச் சாயம், மிச்சத்தை ரோஸ் நிறமாக்கும். 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்த இந்த இரண்டும் இன்றும் பிரியவில்லை.

இத்தனையும் தாண்டிச் சீக்கிரம் பதில் வேண்டிய நேரமும் உண்டு. ஆபரேஷன் நடுவில், 'ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா?' என்று சர்ஜன் கேட்பார். அப்போது துண்டை கிட்டத்தட்ட மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்துச் சீவி, இருபது நிமிடம் அளவில் பதில் சொல்வோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1905இல் லூயிஸ் வில்சன் என்பவர் இந்த ஃப்ரோசன் செக்‌ஷன் முறையை ஆபரேஷன் தியேட்டருக்கு உதவும்படி நிலைநிறுத்தினார். வேகம் உண்டு, ஆனால் படம் அவ்வளவு தெளிவாக இருக்காது. அதனால் மீதியை மெழுகில் போட்டு மறுபடி பார்த்த பிறகுதான் இறுதி ரிப்போர்ட் தருவோம்.

சரி, ஸ்லைடு தயார். அதில் என்ன பார்க்கிறோம்? முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் மொத்த அமைப்பையும் பார்ப்போம். மார்பகத்தில் பால் நாளங்கள் ஒழுங்காக இருக்கும். உள்பக்கம் ஒரு வரிசை செல்கள், அதைச் சுற்றி இன்னொரு வரிசை, அதற்கும் வெளியே மெல்லிய ஒரு சவ்வு. நாளத்துக்குள் செல்கள் கன்னாபின்னாவென்று பெருகி அடைத்துக்கொண்டிருந்தாலும், அந்தச் சவ்வு உடையாமல் இருந்தால் அது பரவும் நிலைக்கு வராத புற்று. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் அந்தச் சவ்வு. வயல் நிறைந்து தளும்பினாலும் வரப்பு நிற்கிற வரை தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகாது. ஒரு இடத்தில் வரப்பு உடைந்து செல்கள் வெளியே இறங்கியிருந்தால் ரிப்போர்ட்டின் வார்த்தையே மாறிவிடும், வைத்தியமும் மாறும். அந்த ஒரு உடைப்பைத் தேடித்தான் சில ஸ்லைடுகளில் வெகுநேரம் உட்கார்ந்திருப்போம்.

பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டி ஒவ்வொரு செல்லாகப் பார்ப்போம். உட்கரு அளவுக்கு மீறிப் பெரிதாக, கருமையாக இருக்கிறதா, ஒன்றுக்கொன்று அளவும் வடிவமும் வேறுபடுகிறதா, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, அந்தப் பிரிவு ஒழுங்காக இரண்டாக நடக்கிறதா அல்லது மூன்று பக்கமும் இழுத்துக்கொண்டு கோணலாக நடக்கிறதா என்று கவனிப்போம். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் புற்று என்று சொல்லிவிடாது. வேகமாகச் செல் பிரிவது ஆறிவரும் புண்ணிலும் நடக்கும். ரேடியேஷன் வாங்கிய இடத்தில் நல்ல செல்லும் பயமுறுத்தும் உருவம் எடுக்கும். கர்ப்பம், பாலூட்டல் காலத்தில் மார்பகச் செல்கள் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் பயாப்ஸி ஃபாரத்தில் வயது, எவ்வளவு நாளாகக் கட்டி, முன்பு என்ன வைத்தியம், கர்ப்பமா, எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்கிறோம். வெறும் பெயரும் 'கட்டி' என்ற ஒரு சொல்லும் மட்டும் எழுதி வரும் ஃபாரம் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டுப் பார்க்கச் சொல்வதற்குச் சமம். ஃபாரத்தை நிரப்புகிறவரிடம் பழைய விவரங்களை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட் இருந்தால் ஒரு நகல் சேர்த்து அனுப்புங்கள்.

புற்று என்று முடிவானால் அதற்கு கிரேடு கொடுப்போம். மார்பகப் புற்றில் நாட்டிங்ஹாம் முறைப்படி மூன்று விஷயங்களுக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். செல்கள் நாளம் போல அமைய இன்னும் எவ்வளவு முயல்கின்றன, உட்கரு எவ்வளவு மாறியிருக்கிறது, எத்தனை செல்கள் பிரிகின்றன என்பவைதான் அந்த மூன்று. கூட்டினால் 5 வரை வந்தால் கிரேடு 1; 6 அல்லது 7 வந்தால் கிரேடு 2; 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. இந்த கிரேடையும் ஸ்டேஜையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களை நிறைய பேர் பார்த்திருப்பார்கள். 'கிரேடு 3' என்பது செல்லின் குணம் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதைச் சொல்கிறது. ஸ்டேஜ் என்பது நோய் உடலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலேயே பிடிபடலாம், நன்றாகக் குணமாகவும் செய்யலாம்.

சில நேரம் இந்த இரண்டு சாயங்கள் போதாது. அப்போது ஐ.எச்.சி. என்ற பரிசோதனை. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதே பிளாக்கிலிருந்து சீவிய ஏட்டின் மேல் விட்டால், அந்தப் புரதம் இருக்கிற செல் பழுப்பு நிறமாகும். கழுத்துக் கணுவில் வந்து தங்கிய புற்று எங்கிருந்து கிளம்பியது என்று இதை வைத்துப் பல நேரம் கண்டுபிடிக்கலாம். மார்பகப் புற்றில், ஹார்மோன் வந்து ஒட்டும் ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு புரதங்களையும் ஹெர்2 என்ற இன்னொரு புரதத்தையும் பார்ப்பது கட்டாயம். ஹெர்2 வலுவாக இருந்தால், அதாவது 3+ என்று வந்தால், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து வேலை செய்யும். அது 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 2+ என்று வந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை, ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனையையும் செய்து பார்க்க வேண்டும். 'ரிப்போர்ட்டில் 2+ போட்டிருக்கே, மறுபடி ஒரு டெஸ்ட் எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனி, பயாப்ஸியின் எல்லை. இதைச் சொல்ல ஒரு பெரிய இடத்துக் கதை இருக்கிறது. 1887இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்குக் குரல் கம்மியது. குரல் நாணில் ஒரு சிறு வளர்ச்சி. ஜெர்மன் மருத்துவர்கள் புற்று என்று சந்தேகித்து ஆபரேஷனுக்குத் தயாரானார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை நிபுணர் மொரெல் மெக்கன்சி, முதலில் சதையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்த துணுக்குகள் போய்ச் சேர்ந்த இடம் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோவின் மேஜை. நோய்களைச் செல்லின் மட்டத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1858இல் உலகுக்கே பாடம் எடுத்தவர் அவர். அவர் பார்த்த துணுக்குகளில் புற்று இல்லை, அப்படியே எழுதினார். ஆபரேஷன் கைவிடப்பட்டது. சில மாதங்களில் நோய் பெரிதாகி, அந்த ஆண்டின் இறுதிக்குள் புற்று என்பது தெளிவாகிவிட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய ஃபிரெடரிக் 99 நாள் ஆண்டுவிட்டு ஜூன் 15 அன்று இறந்துபோனார். மகன் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரானார், ஐரோப்பாவின் வரலாறு வேறு பக்கம் திரும்பியது.

விர்ஷோ தப்பாகப் பார்த்தாரா? தனக்கு வந்த துணுக்கைப் பற்றித்தான் அவர் சொல்ல முடியும். மேலோட்டமாகக் கிள்ளிய சதையில் மேல்தோல் தடித்திருப்பது மட்டும் தெரிந்தது, அடியில் இருந்தது அவர் கைக்கு வரவே இல்லை. மேலே சாதுவாக இருந்து ஆழத்தில் மட்டும் முகம் காட்டும் ஒருவகைப் புற்றாக அது இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினார்கள். இன்றும் இந்த விதி மாறவில்லை. 'புற்று செல்கள் காணப்படவில்லை' என்ற வரி, எடுத்த துண்டில் இல்லை என்றுதான் சொல்கிறது. அதனால் மார்பகக் கட்டியில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கையால் தொட்டுப் பார்த்தது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், பயாப்ஸி. மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதி. ஸ்கேன் பலமாகச் சந்தேகப்பட்டு, பயாப்ஸி மட்டும் 'ஒன்றுமில்லை' என்றால் மறுபடி எடுப்பதுதான் சரி. மறு பயாப்ஸி சொல்கிற டாக்டர் காசுக்காகச் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசியிலிருக்கும் 'இம்ப்ரெஷன்' அல்லது 'டயக்னோசிஸ்' பகுதியைப் பாருங்கள், முடிவு அங்கேதான் இருக்கும். 'போதுமான சதை இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, மறுபடி எடுக்க வேண்டும். 'சந்தேகத்துக்குரியது' என்றால் நாங்கள் மழுப்பவில்லை, அந்தச் சதையில் அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை. கட்டியை முழுதாக எடுத்த ஆபரேஷன் ரிப்போர்ட் என்றால் வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா, எத்தனை நிணநீர்க் கணுக்கள் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய் என்ற எண்களைத் தேடுங்கள். பெருங்குடல் புற்றில் குறைந்தது 12 கணுக்களாவது பார்த்திருக்க வேண்டும் என்பது கணக்கு. குறைந்திருந்தால் ஏன் என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம், கஷ்டமான கேஸ்களை நாங்களே எங்களுக்குள் அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம்தான். பிளாக் பல வருடம் கெடாது. இன்று செய்யாத ஒரு பரிசோதனையை நாலு வருடம் கழித்துப் புதிய மருந்துக்காகச் செய்ய வேண்டி வந்தாலும், பெரும்பாலும் மறுபடி ஊசி போடாமல் அதிலிருந்தே செய்துகொள்ளலாம். வாங்கும்போது அதன் மேலுள்ள நம்பரும் ரிப்போர்ட்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஸ்லைடுகளை அட்டைப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் உடைந்துவிடும். பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது மெழுகு.